வட்டத்தொட்டியிலிருந்து எங்கள் திண்ணை வரை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி)

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். வகுப்பிற்கு வந்த தமிழ்ப் பேராசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, “உங்களுக்குப் பிடித்த நூல் எது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் எழுந்த நால்வர் ‘அக்கினிச் சிறகுகள்’ என்றனர். நானும் அதையே சொன்னேன். “ஏன் பிடிக்கும்?” என்று அடுத்த கேள்வி வந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். உண்மை என்னவென்றால், அந்நூலின் அட்டையைத்தான் நான் பார்த்திருந்தேன். உள்ளே ஒரு பக்கமும் படித்ததில்லை. பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “படித்துவிட்டு வந்து சொல்லம்மா” என்று கூறி உட்காரச் சொன்னார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாடநூல்களைத் தவிர வேறு நூல் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ‘நூல்’ என்றால் எங்கள் தெருவில் பீடிக்குக் கட்டும் நூல்தான். ஆகவே “பிடித்த நூல் எது?” என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லாமற் போனதில் வியப்பில்லை. ஆனால் “ஏன்?” என்ற அந்த இரண்டாவது கேள்வி இந்த இரண்டு ஆண்டுகளாக என்னை விடவில்லை. நூலகத்தில் எடுத்துப் படித்த ஒவ்வொரு நூலையும் மூடி வைக்கும்போது அந்தக் கேள்வி வந்து நின்றது. “நன்றாக இருந்தது” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நூல் நமக்கு ஏன் பிடிக்கிறது என்பது, தனியே உட்கார்ந்து சிந்தித்தால் அவ்வளவாக விளங்குவதில்லை. அதை இன்னொருவருக்குப் படித்துக் காட்டும்போதுதான் விளங்குகிறது. இது என் அனுபவத்தில் நான் கண்டது. ஆனால் இதனை எனக்கு நெடுங்காலம் முன்பே கண்டு, வாழ்நாள் முழுவதும் செய்து காட்டிய பெரியவர் ஒருவர் நம் தென்காசி–குற்றாலச் சீமையில் வாழ்ந்திருக்கிறார். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ரசிகமணியின் வட்டம்

‘ரசிகமணி’ டி. கே. சிதம்பரநாத முதலியார் என்று சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் அறிவார்கள். டி.கே.சி. என்ற மூன்றெழுத்தே அவருக்குப் பெயராகிவிட்டது. அவர் சட்டம் பயின்றவர். சட்ட மேலவை உறுப்பினராகவும், அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் பொறுப்பு வகித்தவர். ஆயினும் இன்று அவரை நாம் நினைப்பது அப்பதவிகளுக்காக அன்று, ரசித்ததற்காக! ரசித்ததற்காகவே ஒரு மனிதர் நினைக்கப்படுவது எவ்வளவு அரிய செய்தி!

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வாழ்ந்த வீட்டில் வட்ட வடிவான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. 1920களில் நண்பர்கள் அங்கே கூடத் தொடங்கினர். கம்பர் பாடல்களும், முத்தொள்ளாயிரமும், தனிப்பாடல்களும் அங்கே படிக்கப்பட்டன, ரசிக்கப்பட்டன. அந்தக் கூட்டத்திற்கு ‘வட்டத்தொட்டி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் வந்து தங்கினார். வட்டத்தொட்டியும் அவரோடு குற்றாலத்திற்கு வந்தது என்று சொல்லலாம். அருவியில் நீராடிவிட்டு வருவோருக்குக் குற்றாலத்தில் இன்னோர் அருவி காத்திருந்தது. இராஜாஜி, கல்கி, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், நீதிபதி மகராஜன் முதலிய பலர் அவருடைய நட்பு வட்டத்தில் இருந்தவர்கள். 1954ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

டி.கே.சி. ஒரு பாடலை எப்படிப் பகிர்ந்துகொண்டார் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்று அவர் தொடங்குவதில்லை. பாடலை நிறுத்தி, உணர்ச்சியோடு, ஒருமுறைக்குப் பலமுறை சொல்லுவார். சொல்ல வேண்டிய முறையில் சொன்னால் பாதிப் பொருள் ஓசையிலேயே வந்துவிடும் என்பது அவர் வழி. அச்சிடும்போதும் படிப்பவர்க்குத் தடையில்லாதபடி சொற்களைப் பிரித்து அச்சிட்டார். ‘இதய ஒலி’ என்று தம் நூலுக்குப் பெயர் வைத்ததிலிருந்தே அவர் நோக்கம் விளங்கும். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களிலும் அதையே செய்தார். அக்கடிதங்கள் பின்னர் நூல் வடிவம் பெற்றன. தமக்குப் பிடித்த ஒன்றை இன்னொருவர் நாவிலும் வைத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

அந்த வட்டத்திற்குள் பட்டம் பெற்றவர்கள் மட்டுமா வந்தார்கள்? கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்றொரு கரிசல் கிராமம். அங்கே 1923இல் பிறந்த இரு இளைஞர்கள் குற்றாலத்திற்கு டி.கே.சி.யைத் தேடி வந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். கி.ரா. பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். கல்லூரியில் பெறாத இலக்கியப் பயிற்சியை அவர் பெற்ற இடங்களில் டி.கே.சி.யின் வீடும் ஒன்று. பின்னாளில் இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். அழகிரிசாமிக்கு ‘அன்பளிப்பு’ என்ற சிறுகதைத் தொகுதிக்காக 1970ஆம் ஆண்டு விருது. அவர் அந்த ஆண்டே மறைந்துவிட்டார். கி.ரா.வுக்குக் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் கிடைத்தது. ஒருவர் தமக்குப் பிடித்ததை வாய்விட்டுச் சொன்னதால் இன்னும் எத்தனை பேருக்கு எழுத்து வாய்த்தது, பாருங்கள்!

ரசனைக்கும் ஓர் எல்லை

டி.கே.சி.யைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் அது நேர்மையாகாது. கம்பராமாயணத்தில் தம் மனத்திற்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பர் பாடியிருக்க முடியாது என்று அவர் ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். அவ்வாறு தேர்ந்து வெளியிட்டதே ‘கம்பர் தரும் இராமாயணம்’. தமிழறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, ஒருவருடைய சுவையை அளவுகோலாகக் கொண்டு தீர்மானிக்கலாகாது என்பது அவர்கள் வாதம்.

அறிவியல் மாணவி என்ற முறையில் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீடு நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட முடியுமா? ஆனால் ஒன்று. “இது எனக்குப் பிடிக்கிறது, இதனால் பிடிக்கிறது” என்று சொல்ல டி.கே.சி.க்கு இருந்த துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? நான்கு பேர் சொன்ன நூலையே ஐந்தாவதாகச் சொன்னவள் நான். அவருடைய துணிவை எடுத்துக்கொள்வோம். அவருடைய கத்தரிக்கோலை விட்டுவிடுவோம்.

செவி வழி வந்த செல்வம்

வாய்விட்டுப் படிப்பது டி.கே.சி. புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. நம் முன்னோர் ஒரு நூலை எழுதி முடித்தால் போதும் என்று இருந்ததில்லை. அறிஞர் அவையில் படித்துக் காட்டி அரங்கேற்றினார்கள். பலர் செவியில் ஏறிய பிறகே அது நூலாயிற்று. நம் குற்றாலத்திற்கே உரிய திருக்குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் அதை இயற்றினார். அது கண்ணால் படிப்பதற்கு மட்டுமா இயற்றப்பட்டது? பாடவும் ஆடவும் அமைந்த நாடகம் அது. எழுத்தறியாத குடியானவரும் அதைக் கேட்டுச் சுவைத்திருக்க முடியும்.

எங்கள் ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தெருவில் ஒருவர் ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’யை விளக்கு வெளிச்சத்தில் ராகம் போட்டு வாசிப்பாராம். சுற்றி உட்கார்ந்து கேட்பவர்கள் அழுவார்களாம். தெருவுக்கு ஒருவருக்கு எழுத்துத் தெரிந்தால் போதும். தெரு முழுவதற்கும் கதை தெரியும். இன்று எங்கள் தெருவில் படித்த பிள்ளைகள் அநேகம் பேர் இருக்கிறோம். ஆனால் நாங்கள் வாய்க்குள்ளேயே படித்துக்கொள்கிறோம். படிப்பு வளர்ந்தது, படித்துக் காட்டுவது குறைந்துவிட்டது.

எங்கள் திண்ணை

மேலே சொன்னவற்றையெல்லாம் நான் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அதன் பொருள் விளங்கியது எங்கள் திண்ணையில்தான்.

பிற்பகலில் எங்கள் திண்ணையில் அம்மா, அத்தை, மதினிமார் மூவர் ஆகிய ஐந்து பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். கல்லூரி விட்டு வந்ததும் நானும் ஒரு தட்டோடு உட்காருவேன். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டதால், சுற்றிய பீடியின் வாயை மடக்கிக் கொடுப்பார். சாரல் காலத்தில் குற்றாலத்துக் காற்று எங்கள் தெருவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. நாளைக்கு நாற்பது கட்டு முடித்தால் ஆயிரம். வீட்டுச் செலவிலும் என் படிப்புச் செலவிலும் அந்தக் கட்டுகளுக்குப் பங்குண்டு. பீடி உடலுக்குக் கேடு என்பது தெரியாமல் செய்கிற தொழில் அன்று. குடும்பம் நடக்க இன்றைக்குக் கைவசம் இருக்கிற தொழில்.

ஒரு நாள் துணிந்து, கம்பராமாயணப் பாடல் ஒன்றை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ரசிகமணியைப் பற்றிப் படித்திருந்தும் அவர் சொன்னபடி செய்தேனா? இல்லை. சொல்லுக்குச் சொல் பொருள் கூறி, இது இன்ன அணி என்று விளக்கத் தொடங்கினேன். இளைய மதினி தலையை நிமிர்த்தி, “ஏட்டி, பரிச்சைக்குப் படிக்கியா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் நூலை மூடிவிட்டேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த முறை, விளக்கம் ஒன்றும் சொல்வதில்லை என்ற தீர்மானத்தோடு அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை எடுத்துக்கொண்டேன். படிக்காத நண்பர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். கதை சொல்லும் ஒருவர். அவரைச் சுற்றிக்கொண்டு அண்டை வீட்டுக் குழந்தைகள். அவர் கொண்டுவரும் புத்தகங்களுக்காக அவர்கள் போடும் கூச்சல். புத்தாண்டுக்கு அவர் இரண்டு குழந்தைகளுக்கு டயரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்குக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. சாரங்கன் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான், உட்காரவைத்து உபசரிக்கிறான். பிறகு தானே தேடிக்கொண்ட ஒரு டயரியை எடுத்து அவர் முன் நீட்டி, அவர் தனக்கு அன்போடு கொடுத்ததாக அதில் எழுதித் தரும்படி கேட்கிறான். கதை அவ்வளவுதான்.

படித்து முடித்தபோது கத்தரி ஓசைகூடக் கேட்கவில்லை. முதலில் அத்தைதான் பேசினார். “அந்த ஆளு மேல என்ன தப்பு? இருந்தது ரெண்டு, ரெண்டு பேருக்குக் குடுத்தாரு” என்றார். பெரிய மதினி விடவில்லை. “இல்லாட்டி ஒருத்தருக்கும் குடுக்காம இருந்திருக்கணும்” என்றார். வாதம் வளர்ந்தது. கதையில் வந்த மனிதரைத் தெரு மனிதராகவே நினைத்து ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அதுவரை பேசாமல் இலை வெட்டிக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார்: “டயரிதான் அவங்கிட்டயே இருக்கே. பொறவு எதுக்கு எழுதித் தரச் சொல்லுதான்? அவனையும் ஒரு ஆளா எண்ணணும்னுதான?”

நண்பர்களே, அக்கதையை நான் அதற்கு முன்பு மூன்று முறை படித்திருந்தேன். ஓர் ஏமாந்த சிறுவனின் கதை என்றே எண்ணியிருந்தேன். அம்மா கேட்ட பிறகுதான், முதல் வாரம் வகுப்பில் எழுந்து நின்ற பெண் என் கண்முன் வந்தாள். படிக்காத நூலின் பெயரை நான் ஏன் சொன்னேன்? நூல் படிக்கிறவர்களின் கூட்டத்தில் என்னையும் ஒருத்தியாக எண்ண வேண்டும் என்றுதானே! சாரங்கன் டயரியை நீட்டியது போலவே நானும் ஒரு பெயரை நீட்டினேன். ‘அன்பளிப்பு’ எனக்கு ஏன் பிடித்திருந்தது என்பதற்கான விடையை நூலகத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை. பீடித்தட்டின் அருகில் அம்மா கண்டுபிடித்துக் கொடுத்தார்.

ஆளுக்குப் பதினைந்து பீடி

அன்று முதல் தினமும் ஒரு மணி நேரம் படிக்கச் சொன்னார்கள். அதில் ஒரு சிக்கல். ஒரு மணி நேரம் நான் நூலைப் பிடித்தால் என் தட்டில் மூன்று கட்டுக் குறையும். மாதக் கணக்கில் பார்த்தால் அது சிறு தொகை அன்று. நான் தயங்குவதைப் பார்த்த பெரிய மதினி, “நீ வாசி. ஒம் பங்கை நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார். ஐந்து பேரும் ஆளுக்குப் பதினைந்து பீடி வீதம் என் தட்டில் போட்டார்கள். எழுபத்தைந்து பீடி, சரியாக மூன்று கட்டு! கணக்குப் போட்டுப் பிரித்தவர் கணக்குப் பாடத்தில் தோற்றுப் பள்ளியை விட்ட என் இளைய மதினி.

இதை எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கூறிய செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. செங்கோட்டை தாண்டினால் கேரளம். அதன் வடகோடியில் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளர்களிடையே இதே வழக்கம் இருந்திருக்கிறது. ஒருவர் செய்தித்தாளும் கதையும் வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசித்தவருக்குக் குறையும் பீடியைத் தங்கள் பீடியிலிருந்து ஈடு செய்வார்கள். 1969இல் அங்கே ‘தினேஷ் பீடி’ என்ற தொழிலாளர் கூட்டுறவு அமைப்பு உருவானபோது, அதன் பின்னே நின்றவர்கள் இவ்வாறு கேட்டுக் கேட்டு உலகம் அறிந்த தொழிலாளர்கள்தாம்.

உலகின் மறுபக்கத்தில் கியூபா நாட்டிலும் இதே கதை. ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865ஆம் ஆண்டு இவ்வழக்கம் தொடங்கியது. உயரமான மேடையில் ஒருவர் அமர்ந்து நாவல்களை வாசிப்பார். தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அலெக்சாந்தர் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’ நாவல் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்த கதைகளுள் ஒன்று. பின்னாளில் ஒரு சுருட்டு வகைக்கே அப்பெயர் வைக்கப்பட்டது. ஹவானாவை அறியாத எங்கள் மதினி அதே முடிவுக்குத் தாமே வந்துவிட்டார். கை வேலை செய்யும்போது காது சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்குப் பசி இருக்கிறது. இதை அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை.

என் பாடத்திலிருந்து ஒரு சான்று

நான் இயற்பியல் மாணவி. மின்காந்தத் தூண்டல் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மைக்கேல் ஃபாரடேயின் பெயர் வருகிறது. அவர் கொல்லர் மகன். 1805இல், பதினான்கு வயதில், லண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களையே அவர் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றி வந்த கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அவருக்கு வழிகாட்டின. கடை முதலாளி அவர் படிப்பைத் தடுக்கவில்லை. 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளுக்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். கேட்டதையெல்லாம் ஃபாரடே குறிப்பெடுத்துத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு ராயல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பிறகு அவரே குழந்தைகளுக்கும் பொதுமக்களுக்கும் மெழுகுவத்தியைக் கொண்டு வேதியியல் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு நூல், அதைத் தடுக்காத ஒரு முதலாளி, சீட்டுக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர் என இத்தனை பேர் பகிர்ந்துகொண்டதால் உலகிற்கு ஒரு ஃபாரடே கிடைத்தார். அறிவியலைத் தமிழில் படிக்க விரும்புவோர்க்கும் நம் சீமையில் ஒருவர் உண்டு. பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமி வழக்கறிஞராக இருந்துகொண்டே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழில் அறிவியல் எழுதினார். ஃபாரடேயின் கதையைத் திண்ணையில் சொன்னபோது அத்தை, “நம்மள மாதிரி வீட்டுப் பிள்ளைதானா?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

பகிரும் முறை

இரண்டு ஆண்டுகளில் நான் கற்ற சிலவற்றைச் சக மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, படித்ததை மட்டுமே ‘பிடித்தது’ என்று சொல்வோம். புகழ்பெற்ற நூலைப் படிக்காமல் புகழ்வதைவிட, யாரும் அறியாத ஒரு சிறுகதையைப் படித்துவிட்டுச் சொல்வது மேல்.

இரண்டாவது, நூலைப் பற்றிப் பேசுவதற்கு முன் நூலைப் பேச விடுவோம். ஒரு பக்கத்தை நிறுத்தி வாசித்தால் போதும். விளக்கம் பிறகு கேட்பவரிடமிருந்தே வரும்.

மூன்றாவது, “ஏன் பிடித்தது?” என்பதற்கு நம் வாழ்க்கையிலிருந்து விடை தேடுவோம். முன்னுரையிலிருந்தும் பின்னட்டையிலிருந்தும் எடுத்த விடை நமக்கு நிலைக்காது.

நான்காவது, கேட்பவர் மறுத்தால் மகிழ்வோம். அத்தையும் மதினியும் ஒத்துப் போயிருந்தால் அம்மா கேட்ட கேள்வி பிறந்திராது.

இவையெல்லாவற்றுக்கும் அடிப்படையாக நமக்கு நூலகம் இருக்கிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. அவற்றுள் இரண்டு, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரும் கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. அவர் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே நூலகத்தில் எங்கள் தெருவுக்கும் பங்கு உண்டு.

இதை ஒரு நாள் திண்ணையில் சொன்னேன். ஆச்சி, பீடியின் வாயை மடக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். அப்படிப்பட்டவங்களுக்கு அட்டை குடுப்பாகளா?” 1990களில் அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்புக்குப் போய் ஆச்சி கற்றது அந்தக் கையெழுத்து. அதுவரை அதைக் கடன் பத்திரத்திலும் ரேஷன் கடையிலும்தான் போட்டிருக்கிறார். நூலக விண்ணப்பத்தில் அதை மிக மெதுவாகப் போட்டார். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு உறுப்பினர் அட்டைகள் உள்ளன. ஆச்சியின் அட்டையில் வரும் நூல்களை ஆச்சிதான் தேர்ந்தெடுக்கிறார். “அழ வைக்கிற கதை வேண்டாம், பேய்க்கதை கொண்டா” என்பது இந்த மாதத்து உத்தரவு. காதால் படிக்கிறவரும் வாசகரே என்று அரங்கநாதனார் ஒப்புக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் வாரம் ஒரு நாள், மதிய இடைவேளையில், மரத்தடியில் பத்துப் பேர் வட்டமாக உட்காருவோம். ஒருவர் தமக்குப் பிடித்த ஒரு பக்கத்தை வாசிக்கட்டும். ஏன் பிடித்தது என்று சொல்லட்டும். தலைமையுரையும் பொன்னாடையும் வேண்டாம். நூல் இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் பின்வரிசையில் ஒதுங்கி நிற்காமல் வட்டத்திற்குள் வந்து உட்கார்ந்தால் அதுவே போதும். வட்டத்தில் பின்வரிசை கிடையாது.

“படித்துவிட்டு வந்து சொல்லம்மா” என்று முதல் வாரத்தில் பணித்த பேராசிரியருக்கு நான் நேரில் இன்னும் விடை சொல்லவில்லை. ‘அக்கினிச் சிறகுக’ளையும் இப்போது படித்துவிட்டேன், ஐயா. ஆனால் எனக்குப் பிடித்த நூல் ‘அன்பளிப்பு’. ஏன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.